ஊஞ்சல் கொக்கியை யார் பார்ப்பது?

ஊஞ்சல் சங்கிலியை மேல்கம்பியோடு கோக்கும் கொக்கி பெரும்பாலும் எஸ் எழுத்துபோல வளைந்திருக்கும். அதன் வாய் முழுக்க மூடியிருக்க வேண்டும். 1 மில்லிமீட்டருக்கு மேல் பிளந்திருந்தால் திறந்த கொக்கி என்றே கணக்கு. சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், மெல்லிய நாணயம் ஒன்று உள்ளே நுழைகிறதா என்று பார்த்தால் போதும். நுழைந்தால் அந்த ஊஞ்சலை அன்றே கழற்றிவிட வேண்டும். ஆட ஆட வாய் இன்னும் விரிந்து சங்கிலி நழுவும். அதற்கும் முன்பே, குழந்தையின் உடையில் தொங்கும் கயிறு அந்த இடுக்கில் சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடலாம்.

நகரத்தின் பூங்கா, பொழுதுபோக்குத் துறை மக்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் பலருக்கும் திறப்பு விழாதான் நினைவுக்கு வரும். எனக்கு இந்தக் கொக்கி நினைவுக்கு வரும். பூங்காவைத் திறக்க ஒரு நாள் போதும். அதன்பின் 15, 20 ஆண்டுகளுக்கு யாராவது ஒருவர் காலையில் வந்து கொக்கியைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும், எழுதியதை இன்னொருவர் சரிசெய்ய வேண்டும். இந்த வேலைச் சங்கிலி எங்கெங்கே அறுந்துபோகிறது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், துறையின் பெயரில் ஏன் இரண்டு சொற்கள்? பூங்காவும் பொழுதுபோக்கும் வேறு வேறு பிறப்பு. பொதுப்பணத்தில் எல்லோருக்குமாக அமைத்த முதல் பூங்காக்களில் ஒன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் 1847இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். மரம், புல், குளம், நடை, அவ்வளவுதான் அதன் எண்ணம். விளையாட்டு வேறு வழியாக வந்தது. 1885இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு தேவாலய முற்றத்தில் குழந்தைகளுக்காக மணல் கொட்டினார்கள். பெர்லினில் பார்த்த யோசனை அது. மணலோடு, பார்த்துக்கொள்ள ஆளையும் வைத்தார்கள். பின்னால் இந்த இரண்டு கிளையும் ஒரே அலுவலகத்துக்குள் வந்தன. இன்றுவரை அந்த அலுவலகத்தில் தோட்டக்காரர் ஒரு கூட்டம், பயிற்சியாளர் ஒரு கூட்டம். மைதானப் புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்பார் ஒருவர், இந்த வாரம் போட்டி இருக்கிறது என்பார் இன்னொருவர். பல பழுதுகளின் வேர் இந்த இழுபறியில் இருக்கிறது.

விளையாட்டுத் திடலுக்கு வருவோம். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1176 சோதனையை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. முதலாவது கண்பார்வைச் சுற்று: உடைந்த கண்ணாடி, நாய்க்கழிவு, வெளியே தெரியும் கான்கிரீட் அடித்தளம், காணாமல் போன பாகம். கூட்டம் அதிகம் வரும் திடலில் இது தினமும் நடக்க வேண்டும். இரண்டாவது 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை: போல்ட்டை முறுக்கிப் பார்ப்பது, பேரிங் தேய்மானம், சங்கிலிக் கண்ணி தேய்மானம், மரத்தூண் மண்ணைத் தொடும் இடத்தில் உளுத்திருக்கிறதா என்று குத்திப் பார்ப்பது. மூன்றாவது ஆண்டுச் சோதனை. அடித்தளம் முதல் மேற்பூச்சு வரை எல்லாம் பார்ப்பது. அந்தத் திடலை அன்றாடம் பராமரிக்காத வேறொருவர் அதைச் செய்வது நல்லது. பழகிய கண்ணுக்குப் பழுது தெரியாது.

இதில் தவறுவது பெரும்பாலும் படிவம். "ஊஞ்சல்: சரி / சரியில்லை" என்று கட்டம் போட்டால் மேசையில் உட்கார்ந்தே எல்லாவற்றுக்கும் "சரி" போட்டுவிடலாம். "ஊஞ்சலுக்கு அடியில் கொட்டிய மரச்சில்லு எத்தனை சென்டிமீட்டர் ஆழம்?" என்று கேட்டால் அளவுகோலோடு போய்த்தான் ஆக வேண்டும். படிவம் எண் கேட்க வேண்டும், டிக் கேட்கக்கூடாது. இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே இல்லை.

அந்த சென்டிமீட்டர் ஏன் முக்கியம் என்றால், திடலில் வரும் பெரிய காயங்களில் கணிசமானவை விழுவதால் வருகின்றன. எதிலிருந்து விழுகிறது என்பதைவிட எதன்மேல் விழுகிறது என்பதுதான் காயத்தை முடிவுசெய்கிறது. புல்லும் மண்ணும் மெத்தென்று தெரியும். ஆனால் மிதிபட்டு இறுகிவிடும் என்பதால் பாதுகாப்புத் தளமாகக் கணக்கில் வராது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையக் கையேட்டின்படி 23 சென்டிமீட்டர் மரச்சில்லு சுமார் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். அதே ஆழத்துக்கு மணல் போட்டால் சுமார் 1.2 மீட்டர்வரைதான் தாங்கும். கொட்டும்போது 30 சென்டிமீட்டர் கொட்ட வேண்டும், அது அமுங்கித்தான் 23 ஆகும். 23 வேண்டும் என்று 23 மட்டும் கொட்டிவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரர்களை நிறையப் பார்க்கலாம். ஆறே மாதத்தில் அது 15 ஆகியிருக்கும்.

ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரம் முடியும் இடத்திலும் கால்கள் சில்லை உதைத்துத் தள்ளிக் குழி பறித்துவிடும். மிக ஆபத்தான இடத்தில்தான் மிக மெல்லிய தளம் இருக்கும். பார்வைச் சுற்றுக்கு வருபவர் கையில் வாரி இருந்தால், சில்லை இழுத்துக் குழியை நிரப்புவது இரண்டு நிமிட வேலை. தூணில் நிரப்பு மட்டத்தைப் பெயின்ட் கோடாகப் போட்டு வைத்தால் எத்தனை குறைந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். ரப்பர் தளத்தில் இந்தத் தொல்லை இல்லை, சக்கர நாற்காலியும் தடையின்றிப் போகும். ஆனால் அதுவும் வெயிலில் ஆண்டுக்காண்டு இறுகும், விளிம்பு மேலே எழும்பிக் காலைத் தடுக்கும், கோடை நடுப்பகலில் பாதம் சுடும். எதுவும் போட்டுவிட்டு மறக்கக்கூடிய தளம் இல்லை.

இடைவெளி இன்னொரு விஷயம். இரண்டு கம்பிக்கு நடுவே 9 முதல் 23 சென்டிமீட்டர்வரை இருக்கும் மூடிய இடைவெளி எதுவும் ஆபத்து. குழந்தை கால்பக்கமாக நுழையும், உடம்பு போய்விடும், தலை போகாது. 9க்குக் கீழே இருந்தால் உடம்பே நுழையாது. 23க்கு மேலே இருந்தால் தலையும் வெளியே வந்துவிடும். கைப்பிடித் தடுப்பில் ஒரு கம்பி உடைந்து விழுந்தால் அதுவரை 8 சென்டிமீட்டராக இருந்த இடைவெளி 17 அல்லது 18 ஆகிவிடும். பார்வைக்கு "ஒரு கம்பிதானே" என்று தோன்றும். அதனால்தான் அது அவசரப் பழுது.

பழுது கண்டால் மஞ்சள் நாடா கட்டுவது உலகெங்கும் வழக்கம், உலகெங்கும் பயனற்றது. குழந்தை குனிந்து உள்ளே போய்விடும். ஊஞ்சல் என்றால் இருக்கையோடு சங்கிலியையும் கழற்ற வேண்டும். மேல்கம்பியில் சுற்றிவிட்டால் பெரிய பையன்கள் அவிழ்த்துவிடுவார்கள். சறுக்குமரம் என்றால் ஏணியைப் பலகையால் மூட வேண்டும். உள்ளே நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டை ஒருமுறை கழற்றினால் மறுபடி அதையே போடக்கூடாது, பிடிப்பு குறைந்துவிடும். புது நட்டு வேன் பெட்டியில் இருக்க வேண்டும். விஷமிகள் கழற்றாதபடி தனி வடிவத் தலை வைத்த போல்ட்டுகளுக்கு அதற்கான திருப்புளி முனை வேண்டும். பத்து வகை போல்ட் வாங்கிக் குவித்த துறையில், 20 நிமிட வேலை சரியான முனை இல்லாமல் மூன்று வாரம் கிடக்கும். ஒரே வகை போல்ட், ஒரே வகை சங்கிலி என்று வாங்கும்போதே முடிவுசெய்வது பெரிய புத்திசாலித்தனம்.

ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 தொடங்கி 700க்கும் மேற்பட்ட சிறு திடல்களை அமைத்தார். மணற்குழி, வளைகம்பி, தாண்டிக் குதிக்கக் கான்கிரீட் கட்டைகள். ஏறக்குறைய அசையும் பாகமே கிடையாது. பராமரிப்புக் கண்ணோடு பார்த்தால் அது மேதைமை. சுழலும் ஒவ்வொரு பேரிங்கும் ஒரு நாள் பணிச்சீட்டாக மாறும்.

மரங்களைப் பற்றிச் சொல்லாமல் பூங்கா இல்லை. நடும்போது செய்யும் ஒரே ஒரு தவறு 10 ஆண்டு கழித்துத்தான் தெரியும் என்பதால் அது திருத்தப்படுவதே இல்லை: ஆழமாக நடுவது. தண்டு விரிந்து வேராகும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குழி வேர்ப்பந்தைப்போல 2, 3 மடங்கு அகலமாக இருக்கலாம், ஆழம் மட்டும் பந்தின் உயரத்தைத் தாண்டக்கூடாது. தொட்டியில் வளர்ந்த கன்றின் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். பக்கவாட்டில் நாலைந்து இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே வேர் பின்னாளில் பருத்து மரத்தின் கழுத்தையே நெரிக்கும். மண்மேல் பரப்பும் சருகு, மரச்சில்லு மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர், தண்டைத் தொடாமல். எரிமலைபோலத் தண்டைச் சுற்றிக் குவிப்பதைப் பல பூங்காக்களில் அழகு என்று நினைக்கிறார்கள். பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகும், எலி கடிக்கும். முட்டுக்கம்பு தேவைப்பட்டால் தளர்வாகக் கட்டி ஓராண்டில் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்த கயிறு தண்டுக்குள் புதைந்துபோய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பல பூங்காக்களில் இளமரங்களை அதிகம் சேதப்படுத்துவது பூச்சியும் அல்ல நோயும் அல்ல, புல்வெட்டும் இயந்திரம்தான். சுழலும் நைலான் இழை தண்டின் அடிப்பட்டையை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துவிடும். பட்டைக்கு உள்ளேதான் உணவு போகும் பாதை இருக்கிறது. சுற்றிலும் உரிந்தால் மரம் முடிந்தது. மூடாக்கின் உண்மையான பயன்களில் ஒன்று இது: தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல் இல்லை என்றால் இயந்திரம் கிட்டே வர வேண்டிய அவசியமே இல்லை.

எந்த மரம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஊரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கும், ஒரே பேரினம் 20 சதவீதத்துக்கும், ஒரே குடும்பம் 30 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடாது என்று 1990இல் அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சாண்டமூர் சொன்னார். அமெரிக்க நகரங்களில் எல்ம் மரச் சாலைகள் நோயால் அழிந்தபோது அந்த இடத்தில் நிறைய ஆஷ் மரங்களை நட்டார்கள். 2002இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் மரகதப் பச்சை நிற ஆஷ் துளைப்பான் வண்டைக் கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போயின. ஒரே பாடத்தை இரண்டு முறை கட்டணம் கட்டிப் படித்த கதை அது.

கவாத்தில் ஒரே ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கனமான கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து முதல் வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, கிளை விழுந்த பிறகு, அது தண்டோடு சேரும் இடத்தில் உள்ள வீக்கத்துக்கு ஒட்டி வெளியே மூன்றாவது. முதல் வெட்டைத் தவிர்த்தால் விழும் கிளை தண்டின் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும். உச்சியை மொட்டையடிப்பது கவாத்தே அல்ல.

மழை பெய்த மறுநாள் மைதானத்தை மூடினால் துறைக்குத் திட்டு விழும். மூடுவது ஏன் என்றால், ஈர மண்ணில் காற்றுக்கான துளைகள் மிதிபட்டு நசுங்கிவிடும். நசுங்கினால் அடுத்த மழையில் நீர் இறங்காது, மேலேயே நிற்கும், இன்னும் சேறாகும். ஒரு போட்டிக்காக ஒரு பருவத்தையே இழப்பது இப்படித்தான். சோதனை எளிது: நடந்து பாருங்கள், செருப்பைச் சுற்றி நீர் ஊறி வந்தால் மூட வேண்டும். இந்த முடிவைப் பயிற்சியாளரிடம் விடக்கூடாது, அவருக்கு ஆட ஆசை இருக்கும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் முடிவெடுத்து, ஒரே இடத்தில் அறிவித்தால் திட்டு பாதியாகக் குறையும். இறுகிய மண்ணைச் சிறு உருளைகளாகத் தோண்டியெடுக்கும் இயந்திரத்தால் 7, 8 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிடுவது பருவத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். புல்லை வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. ஆள் இல்லை என்று மாதம் ஒருமுறை மொட்டையடித்தால் வேர் மேலோட்டமாகி முதல் வறட்சியிலேயே காயும்.

கால்பந்து கோல் கம்பத்தைத் தரையில் பிணைக்காமல் விடுவது துறை செய்யக்கூடிய மன்னிக்க முடியாத தவறுகளில் ஒன்று. நகர்த்தும் வகைக் கம்பம் முன்பக்கம் கனம் கூடியது. குறுக்குக் கம்பியில் ஒரு சிறுவன் தொங்கினால் அப்படியே கவிழும், இதில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பின்சட்டத்தில் தரை ஆணியோ எடையோ வேண்டும். ஆட்டம் இல்லாத நாளில் இரண்டு கம்பத்தை முகத்துக்கு முகம் வைத்துச் சங்கிலியால் பூட்ட வேண்டும். இடி கேட்டால் எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்பி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவில் மீண்டும் இடித்தால் கணக்கு முதலிலிருந்து.

நீச்சல் குளம்தான் துறையின் மிகச் செலவான, மிக ஆபத்தான, மக்கள் மிகவும் விரும்பும் சொத்து. நீரில் கட்டற்ற குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் மிச்சமிருக்கும் குளோரின், பத்து லட்சத்தில் 1 முதல் 3 பங்கு. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8. பி.எச். எண்ணைப் பலர் கண்எரிச்சலோடு மட்டும் முடிச்சுப் போடுகிறார்கள். உண்மையில் குளோரின் வேலை செய்யுமா என்பதையே அது முடிவுசெய்கிறது. 7.5 அருகே குளோரினில் ஏறத்தாழப் பாதி, கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8 ஆனால் சுமார் கால் பங்குதான். அதாவது அளவுமானி "குளோரின் சரி" என்று காட்டும், கிருமி சாகாது. மூக்கைத் துளைக்கும் "குளோரின் வாடை" குளோரின் அதிகம் என்பதற்கான அடையாளமும் அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் சேர்மத்தின் வாடை அது. இறங்குமுன் ஒரு நிமிடம் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்வது நாகரிகத்துக்காக மட்டும் அல்ல.

குளத்தில் குழந்தை மலம் கழித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், அந்த நேரத்தில் தேடக்கூடாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல் இது: எல்லோரையும் வெளியேற்று, கெட்டியான மலம் என்றால் வலையால் அள்ளியெடு, பி.எச். 7.5க்கு மிகாமல் வைத்துக் குளோரினை 2 பங்காக 25 நிமிடம் நிறுத்து. வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரண அளவு குளோரினில் ஒரு வாரத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். 20 பங்காக ஏற்றி 12 மணி 45 நிமிடம் வைக்க வேண்டும். அன்றைக்குக் குளம் திறக்காது. மேலாளர் மேல் எத்தனை அழுத்தம் வந்தாலும் இந்தக் கணக்கில் பேரம் இல்லை.

மருந்தறையில் அமிலமும் குளோரினும் ஒரே அலமாரியில் இருந்தால் அந்தத் துறையைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கத் தேவையில்லை. இரண்டும் கலந்தால் நச்சு வாயு. இதைவிட மறைவான வழி ஒன்று உண்டு. நீரைச் சுழற்றும் பம்பு நின்றுவிட்டது, மருந்து ஊற்றும் சிறு பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். குழாய்க்குள் இரண்டு மருந்தும் சேர்ந்து தேங்கும். பெரிய பம்பை மறுபடி போட்டதும் வாயு குளத்துக்குள் வந்து குழந்தைகள் இருக்கும் இடத்தில் கொப்பளிக்கும். பெரிய பம்பு நின்றால் சிறியவையும் தானாக நிற்கும்படி மின்பூட்டு வேண்டும். பம்பை மீண்டும் போடும்போது நீரில் யாரும் இருக்கக்கூடாது.

உயிர்காப்பாளருக்கு ஒரே வேலைதான் இருக்க வேண்டும், பார்ப்பது. 10 நொடிக்குள் தன் பகுதி முழுவதையும் பார்த்துமுடித்து, 20 நொடிக்குள் எந்த மூலையையும் எட்ட வேண்டும் என்பது பரவலான அளவுகோல். அவரிடம் சீட்டு கிழிக்கவும் தரை துடைக்கவும் சொன்னால் அந்த நேரத்துக்கு உயிர்காப்பாளர் இல்லை என்று பொருள். மூழ்குபவர் கூச்சலிட மாட்டார், அமைதியாகத்தான் போவார். மாலை வெயில் நீரில் பட்டுக் கண்கூசினால் நாற்காலியை இடம் மாற்ற வேண்டும். அடித்தள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியாத அளவுக்கு நீர் கலங்கியிருந்தால் குளத்தை மூட வேண்டும். அதே மூடி உடைந்திருந்தாலும் உடனே மூட வேண்டும். உறிஞ்சும் விசையில் முடியும் உடம்பும் சிக்கிக்கொள்ளும்.

இனி ஆட்கள் பக்கம். மைதான நேரத்தைப் பங்கிடுவது பூங்காத் துறையின் மிக அரசியலான வேலை. "போன ஆண்டு யாரிடம் இருந்ததோ அவர்களுக்கே" என்ற வழக்கம் அமைதியைத் தரும், அநீதியையும் தரும். பழைய சங்கம் பாதி நேரத்தைப் பயன்படுத்தாமலேயே வைத்திருக்கும். புதிதாகத் தொடங்கிய பெண்கள் அணிக்கு இரவு 9 மணி கிடைக்கும். வேலைசெய்யும் முறை ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஒவ்வொரு பருவத்துக்கும் பதிவான ஆட்டக்காரர் எண்ணிக்கையைக் கேட்டு அதற்கேற்பப் பங்கிடுவது, சிறுவர் அணிகளுக்கு மாலையின் முதல் பகுதி, வராமல் விட்ட நேரத்துக்கு வைப்புத்தொகையில் பிடித்தம், 48 மணிநேரத்துக்கு முன் விட்டுக்கொடுத்தால் பிடித்தம் இல்லை. இதற்கு யாராவது மைதானத்துக்குப் போய் ஆள் வந்தார்களா என்று எண்ண வேண்டும். எண்ணாத துறையில் இந்த விதிகள் காகிதம்தான்.

நீச்சல் வகுப்புப் பதிவு காலை 9 மணிக்கு இணையத்தில் திறந்து 10 நிமிடத்தில் நிரம்பிவிட்டால் துறை அதை வெற்றி என்று அறிக்கையில் எழுதும். அந்த 10 நிமிடத்தில் யார் கணினி முன்னால் உட்கார முடிந்தது? காலை வேலைக்குப் போன தாயால் முடியாது, கைப்பேசியில் தரவு தீர்ந்தவரால் முடியாது. இடங்களில் ஒரு பங்கை நேரில் வருவோருக்கு ஒதுக்கலாம். கட்டணச் சலுகைக்கான விண்ணப்பத்தை வகுப்புப் பதிவுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துக்கொடுத்தால் அன்று வரிசையில் நின்று வருமானச் சான்று காட்டும் சங்கடம் இருக்காது. காத்திருப்போர் பட்டியலில் இடம் வந்தால் பதில் சொல்ல ஒரு நாள் அவகாசம், பிறகு அடுத்தவர். சும்மா கிடக்கும் இடமும் நீளும் பட்டியலும் ஒரே வகுப்பில் இருப்பது பெரும்பாலும் தொலைபேசி எடுக்க ஆள் இல்லாததால்தான்.

கட்டணத்தில் துறைகள் தடுமாறுவது இயல்பு. ஊருக்கே பயன் தரும் ஒன்று, உதாரணமாகத் திறந்தவெளி, நடைபாதை, குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுத்தருவது, வரிப்பணத்தில் நடக்கட்டும். தனிப்பயிற்சி, மண்டப வாடகை போன்றவை தம் செலவைத் தாமே ஈட்டட்டும். நடுவில் இருப்பவற்றை எங்கே வைப்பது என்பதைக் கூட்டத்தில் பேசி எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஆண்டும் அதே சண்டை வராது.

யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதைக் கேட்கும் துறைகள் குறைவு. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியக் கிளை, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பசுமைவெளி இருக்க வேண்டும் என்கிறது. வரைபடத்தில் வட்டம் போட்டால் பல வீடுகள் உள்ளே வந்துவிடும். நடுவில் ரயில் பாதையோ ஆறு தடச் சாலையோ இருந்தால் நடந்து போகும் தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர். வட்டத்தை அழித்துவிட்டு நடையை அளக்க வேண்டும். அப்படி வந்து சேர்ந்தாலும், உட்கார இடமும் கழிப்பறையும் இல்லாவிட்டால் வயதானவர்கள் அடுத்த வாரம் வர மாட்டார்கள். பெஞ்சுக்கு முதுகும் இரண்டு கைப்பிடியும் வேண்டும். கைப்பிடி அழகுக்கு இல்லை, முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க. 1970களில் நியூயார்க் சதுக்கங்களை மணிக்கணக்கில் கவனித்த வில்லியம் வைட், மக்கள் உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் உட்காருகிறார்கள் என்றார். சொல்லவே வேண்டாத விஷயம்போலத் தோன்றும். எத்தனை பூங்காக்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை என்று பாருங்கள். சாய்தளம் 12க்கு 1 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்ற சரிவைத் தாண்டக்கூடாது, நடைபாதை 20க்கு 1. வாசலில் மோட்டார் சைக்கிளைத் தடுக்க வைத்த இரும்புத் தடுப்பு சக்கர நாற்காலியையும் தடுக்கிறதா என்று ஒரு நாற்காலியைத் தள்ளிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கழிப்பறை பூங்காவோடு சேர்ந்து திறந்து, பூங்காவோடு சேர்ந்து மூட வேண்டும்.

பணம். கட்டுமானத்துக்கான பணமும் நடத்துவதற்கான பணமும் வேறு வேறு பையில் இருக்கும். முதல் பைக்கு மானியம், நன்கொடை, கல்வெட்டு எல்லாம் கிடைக்கும். இரண்டாவதற்கு யாரும் கல்வெட்டு வைக்க மாட்டார்கள். அதனால் துறை தன்னால் பராமரிக்க முடிந்ததைவிட அதிகமாகக் கட்டிக்கொண்டே போகும். நன்கொடைப் பெஞ்சுகூட இலவசம் அல்ல, 10 ஆண்டு கழித்து உளுத்த பலகையை மாற்றுவது துறைதான். ஒப்பந்தத்தில் காலவரம்பு எழுதாவிட்டால், அந்தப் பெயர்ப்பலகையை எடுக்கவும் முடியாது வைக்கவும் முடியாது. மழைநீரைத் தேக்கிவைக்கும் பள்ளத்தோட்டம் அமைத்தாலும் இதே கணக்கு. கொசு முட்டையிலிருந்து பறக்கப் பொதுவாக ஒரு வாரம்போல ஆகும் என்பதால் நீர் 2, 3 நாளில் வடிய வேண்டும். வண்டல் அள்ளாமல் விட்ட இரண்டாவது ஆண்டில் அது வடியாது, பிறகு ஊரே தோட்டத்தை மூடச் சொல்லும்.

நீங்கள் புகார் எழுதும்போது "பூங்கா மோசமாக இருக்கிறது" என்று எழுதினால் அது யார் மேசைக்கும் போகாது. பல துறைகள் விளக்குக் கம்பம், பெஞ்சு, விளையாட்டுச் சாதனம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டியிருக்கும், அந்த எண்ணை எழுதுங்கள். இல்லையென்றால் எந்த வாசலிலிருந்து எத்தனையாவது ஊஞ்சல் என்று எழுதுங்கள். இரண்டு படம் எடுங்கள், ஒன்று கிட்டத்தில், ஒன்று சுற்றுப்புறம் தெரியும்படி. தேதியும் நேரமும் வேண்டும், விளக்கு எரியவில்லை என்ற புகாருக்கு நேரம் இல்லாமல் பயனே இல்லை. "காயம் ஏற்படலாம்" என்றால் எப்படி என்று ஒரு வரி: "சங்கிலிக் கொக்கியின் வாயில் நாணயம் நுழைகிறது". அந்த வரியைப் படிக்கும் மேற்பார்வையாளருக்கு அன்றே ஆளனுப்புவதைத் தவிர வேறு வழி இருக்காது. பணிச்சீட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் புதுப் புகார் போடாதீர்கள், அது வரிசையின் கடைசிக்குப் போகும். பழைய எண்ணைச் சொல்லி, எந்தப் பாகத்துக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.